குதிரை இறைச்சித் தடை: அமெரிக்கா இரண்டு கதவுகளையும் அடைக்க வேண்டும்

எங்கள் நிலைப்பாடு

மனிதர் உண்பதற்காகக் குதிரைகளைக் கொல்வதையும், அதற்காக அவற்றை எல்லை தாண்டி அனுப்புவதையும் அமெரிக்கா ஒரே நிரந்தரச் சட்டத்தால் தடைசெய்ய வேண்டும். கொல்வதைத் தடுத்துவிட்டு அனுப்புவதை விட்டுவைத்தால் குதிரை பிழைக்காது. அதன் கடைசிப் பயணம்தான் நீளும்.

பின்னணி

டெக்சாஸில் குதிரை இறைச்சி விற்பனைக்கு எதிரான சட்டம் 1949 முதலே இருந்தது. பல பத்தாண்டுகள் அது தூங்கிக் கிடந்தது. 2007-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இல்லினாய் மாநிலமும் தடை கொண்டுவர, நாட்டில் எஞ்சியிருந்த மூன்று குதிரை இறைச்சிக்கூடங்களும் மூடப்பட்டன.

ஆனால் லாரிகள் நிற்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2006-க்கும் 2010-க்கும் இடையே இறைச்சிக்காகக் கனடாவுக்குப் போன குதிரைகள் 148 சதவீதமும், மெக்சிகோவுக்குப் போனவை 660 சதவீதமும் கூடின. 2010-இல் மட்டும் எல்லை தாண்டியவை ஏறத்தாழ 1,38,000. பின்னர் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் வழி திறந்தே இருக்கிறது.

உள்நாட்டுத் தடையும் உறுதியானதல்ல. குதிரை இறைச்சிக்கூட ஆய்வாளர்களுக்கு நிதி கிடையாது என்று பட்ஜெட்டில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஒரு வரியில்தான் அது நிற்கிறது; ஆய்வு இல்லாமல் இறைச்சியை விற்க முடியாது. 2011-இல் அந்த வரி விடுபட்டதும், நியூ மெக்சிகோவில் புதிய கூடம் திறக்க முயற்சி தொடங்கிவிட்டது. 2014-இல்தான் வரி திரும்ப வந்தது.

ஏன் எதிர்க்கிறோம்

ஏல மைதானத்தில் நிற்கும் குதிரையின் காலை மெல்லத் தடவிக் கையைக் கீழே இறக்கினால், அது தானாகக் குளம்பைத் தூக்கிக் காட்டும். லாடம் அடிப்பவருக்காக யாரோ பொறுமையாகப் பழக்கியது அது. அடிமாட்டு விலைக்கு அதை வாங்குகிறவருக்குத் தேவை எடை மட்டுமே. பின்புறத்தில் ஓர் எண் ஒட்டப்படுகிறது. தீனி, தண்ணீர், ஓய்வு இல்லாமல் 28 மணி நேரம்வரை லாரியில் கொண்டுபோக விதி இடம் தருகிறது. மிரண்டால் ஓடுவதே குதிரையின் இயல்பு. நீண்ட கழுத்தை ஓயாமல் ஆட்டும் அந்த விலங்கை இறைச்சிக்கூடத்தில் ஒரே அடியில் உணர்விழக்கச் செய்வது கடினம்.

இந்த இறைச்சி உண்பவருக்கும் ஆபத்து. அமெரிக்காவில் குதிரை உணவுக்காக வளர்க்கப்படுவதில்லை. அதற்கு வழக்கமாகத் தரப்படும் பினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி, உணவுக்கான விலங்குகளுக்குக் கூடாத மருந்து. மருந்துப் பதிவுகளை நம்ப முடியாததால் ஐரோப்பிய ஒன்றியம் மெக்சிகோவின் குதிரை இறைச்சியை 2015 முதல் நிறுத்தியது; ஒன்றியத்துக்கு இறைச்சி அனுப்ப அங்கே அறுக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி அமெரிக்கக் குதிரைகள். கஜகஸ்தானிலோ ஜப்பானிலோ குதிரை உண்பவர்களை நாங்கள் இழித்துப் பேசவில்லை. உணவுக்கென வளர்க்கப்படாத விலங்கை உணவாக விற்பதையே எதிர்க்கிறோம்.

மாற்றுக் கருத்துக்கு எங்கள் பதில்

“தடை வந்தால் வேண்டாத குதிரைகள் பட்டினியில் விடப்படும்” என்கிறார்கள். இந்தக் கவலையில் நியாயம் உண்டு. கூடங்கள் மூடப்பட்ட பின் குதிரைகளின் நலம் குன்றியதாக அதே தணிக்கை அறிக்கை சொன்னது. அதற்கான தீர்வுகளில் ஒன்றாக, கொலையையும் ஏற்றுமதியையும் சேர்த்தே வெளிப்படையாகத் தடைசெய்வதையும் அது முன்வைத்தது. மீள முடியாத நோயுற்ற குதிரைக்கு, பழகிய இடத்தில் கால்நடை மருத்துவர் ஊசி போட்டு வலியில்லாமல் விடைகொடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அதற்கு வசதியில்லாத உரிமையாளருக்கு உதவ வேண்டும் என்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. கொலை, ஏற்றுமதி இரண்டையும் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வேண்டும். இறைச்சிக்காகக் கொல்லும் நோக்கத்தோடு குதிரையை வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் குற்றமாக்கி, கலிபோர்னியா வாக்காளர்கள் 1998-இலேயே வழிகாட்டியிருக்கிறார்கள்.

2. பந்தயத் துறையும் இனப்பெருக்கப் பண்ணைகளும் குதிரைகளின் முதுமைக்கு நிதி ஒதுக்க வேண்டும். 1986-இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற ஃபெர்டினாண்ட் என்ற குதிரை, 2002-இல் ஜப்பானில் இறைச்சிக்கூடத்தில் முடிந்ததாகப் பின்னர் தெரியவந்தது. புகழ்பெற்ற குதிரைக்கே அந்தக் கதி.

3. காப்பகங்களுக்கும், குறைந்த செலவிலான கருணைக்கொலை சேவைக்கும் பொதுநிதி வேண்டும்.

கை பட்டதும் குளம்பைத் தூக்கும் குதிரை, லாரியின் சரிவுப்பலகையிலும் அதே நம்பிக்கையோடுதான் ஏறுகிறது. அந்த நம்பிக்கையைப் பழக்கியவர்கள் நாம். அதற்குரிய கடமையைச் சட்டமாக்குங்கள்.