டெஸ்ட் பச்சையா இருந்தா மட்டும் போதுமா?

ஜாவாவுல பொட்டி தட்டுற மக்களே, யூனிட் டெஸ்ட் எழுதுறீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா எதுக்கெடுத்தாலும் அசர்ட்ட்ரூ போடுற பழக்கத்தை எப்பத்தான் விடப் போறீங்க?

பஸ் டிக்கெட் புக்கிங் புரோகிராம்னு வச்சுக்குவோம். காலி சீட் லிஸ்ட்ல 12 இருக்கணும். நம்மாளு அசர்ட்ட்ரூ(சீட்ஸ்.கன்டெயின்ஸ்(12))னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவார். பாஸ் ஆகிற வரைக்கும் பிரச்சினை இல்லை. உடையுற அன்னிக்குத்தான் கூத்து. ஜேயூனிட் 4ல வெறும் அசர்ஷன்எரர், கூட வரி எண். ஜேயூனிட் 5 "ட்ரூ எதிர்பார்த்தேன், ஃபால்ஸ் வந்துச்சு"ங்கும். ரொம்ப நன்றிங்க! லிஸ்ட்டே வெறுமையா வந்துச்சா, 12 மட்டும் விட்டுப்போச்சா, வேற பஸ்ஸோட லிஸ்ட்டா? ஒண்ணும் தெரியாது. ராத்திரி பில்ட் உடைஞ்சா டீபக்கரோட மல்லுக்கட்டப் போறது எழுதினவர் இல்லை, அந்த வாரம் மாட்டின அப்பாவி.

இதையே ஹேம்கிரெஸ்ட் மேட்சர் வச்சு அசர்ட்தட்(சீட்ஸ், ஹேஸ்ஐட்டம்(12))னு எழுதினா, "12 இருக்கிற லிஸ்ட் எதிர்பார்த்தேன், கிடைச்சது 10, 11, 13"ங்கிற தோரணையில சொல்லும். பாதி வேலை அங்கேயே முடிஞ்சுது. காரணம் எளிது. கன்டெயின்ஸ் மொத்த லிஸ்ட்டையும் மென்னு முழுங்கிட்டு ட்ரூ, ஃபால்ஸ்னு ஒத்தை வார்த்தையை மட்டும் துப்புது. மேட்சர் கைக்கோ லிஸ்ட் முழுசா போகுது.

மேட்சருக்கு வக்காலத்து வாங்குற சிலர் "இங்கிலீஷ் மாதிரியே படிக்கலாம்"னு பெருமை அடிச்சுக்குறாங்க. ஐயா, அது அலங்காரம். ஈக்வல்டூக்கு முன்னாடி 'இஸ்' சேர்த்தாலும் சேர்க்காட்டியும் நடக்கிறது ஒண்ணுதான். மேட்சரோட மதிப்பு டெஸ்ட் பாஸ் ஆகும்போது தெரியாது, தோக்கும்போதுதான் தெரியும்.

அசர்ட்ஈக்வல்ஸ் போதுமேம்பீங்க. ஜேயூனிட்ல எதிர்பார்த்தது முதல்ல, வந்தது அப்புறம். டெஸ்ட்என்ஜில அப்படியே தலைகீழ். மாத்திப் போட்டாலும் டெஸ்ட் பச்சைதான். உடைஞ்சா மட்டும் அப்பட்டமா பொய் சொல்லும்.

"ஜேயூனிட்லயே எல்லாம் இருக்கே, இன்னொரு லைப்ரரி எதுக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு: 2017ல வந்த ஜேயூனிட் 5ல அசர்ட்தட்டே கிடையாது. ஹேம்கிரெஸ்ட், அசர்ட்ஜே, ட்ரூத் மாதிரி எதையாவது வச்சுக்கோங்கன்னு அவங்களே கைகாட்டிட்டாங்க. அசர்ட்ஜேல புள்ளி வச்சா போதும், என்னென்ன கேக்கலாம்னு எடிட்டரே வரிசையா காட்டும். மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

ஆனா லைப்ரரி மாத்தினதும் மோட்சம் கிடைச்சிடாது. அசர்ட்ஜேல அசர்ட்தட்(சீட்ஸ்.கன்டெயின்ஸ்(12)).இஸ்ட்ரூன்னு எழுதினா, பழைய கள், புது மொந்தை. பின்னாடி இருக்கிற இஸ்ட்ரூவை மறந்துட்டா இன்னும் மோசம், எதையுமே சோதிக்காம எப்பவும் பாஸ் ஆகும். சொந்தமா மேட்சர் எழுதுறவங்க டிஸ்க்ரைப்மிஸ்மேட்ச்சை விட்டுட்டு, ஆர்டர் கிளாஸ்ல டூஸ்ட்ரிங்கும் இல்லைன்னா, மெசேஜ்ல கிளாஸ் பேரும் புரியாத ஹேஷ் எண்ணும்தான் வரும்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். டெஸ்ட் எழுதி முடிச்சதும் 12ஐ 99ஆ மாத்தி, வேணும்னே ஒரு தடவை தோக்க விடுங்க. வர்ற மெசேஜை மட்டும் படிங்க, கோடைப் பாக்காதீங்க. என்ன தப்புன்னு உங்களுக்கே புரியலைன்னா, ஆறு மாசம் கழிச்சு அதைப் பாக்கப் போறவர் என்ன பாவம் பண்ணினார்?