ஐந்து பிள்ளைகள், ஐந்து சாப்பாட்டுப் பொட்டலங்கள்

சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. அன்றைக்கும் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளி வாசலில் கொண்டுபோய் விடவேண்டும், அதுவும் தண்டனைக்காக என்றால், உங்களுக்கு எப்படி இருக்கும்? வழி நெடுக அர்ச்சனை நடக்கும், இல்லையா?

1985-ம் வருஷம் வெளிவந்த 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' என்ற அமெரிக்கப் படம் அப்படித்தான் ஆரம்பமாகிறது. கதை எழுதி டைரக்ட் செய்தவர் ஜான் ஹ்யூஸ். பிரயன் என்ற பையனின் தாயார், "இந்த நேரத்தை வீணாக்காமல் படி" என்கிறாள். "அங்கே படிக்கக் கூடாதாம், சும்மா உட்கார வேண்டுமாம்" என்கிறான் பையன். "எப்படியாவது வழி கண்டுபிடித்துப் படி!" என்கிறாள் அந்த மகராசி. சிரிப்பு வருகிறது; கூடவே நம் முகமும் கொஞ்சம் ஞாபகம் வருகிறது!

தப்புச் செய்த ஐந்து ஹைஸ்கூல் பிள்ளைகள் சாயங்காலம் நாலு மணி வரை பள்ளி நூல் நிலையத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது, தூங்கக் கூடாது. "நான் யார்?" என்று ஆயிரம் வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும். படம் முழுவதும் இவ்வளவுதான். மூடிப்போன ஒரு பள்ளியின் தேகப் பயிற்சிக் கூடத்துக்குள் அந்த நூல் நிலையத்தை அமைத்து எடுத்தார்கள்.

சகோதரிகளே, மத்தியானச் சாப்பாட்டுக் கட்டத்தை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். பணக்காரப் பெண் கிளேர், ஜப்பானியர் சாப்பிடும் மீன் பலகாரத்தை அழகாகப் பரப்பி வைக்கிறாள். மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ, ஒரு பெரிய பை நிறையச் சாப்பாட்டை எடுத்து அடுக்குகிறான். படிப்பாளி பிரயனுக்கு, ஓரம் நறுக்கிய ஸாண்ட்விச்சும் சூப்பும் அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறாள். யாரோடும் பேசாத ஆலிஸன், ரொட்டிக்குள் இருந்ததை வீசி எறிந்துவிட்டுச் சர்க்கரையைக் கொட்டித் தின்கிறாள். போக்கிரி என்று பெயரெடுத்த பெண்டரிடம் ஒன்றுமே இல்லை.

பெண்டர் பிரயனின் பொட்டலத்தைப் பிடுங்கிக் கேலி செய்கிறான். பிறகு தன் வீட்டில் நடப்பதை நடித்துக் காட்டுகிறான்: வசவு, அடி. தகப்பன் சுருட்டால் சுட்ட வடு கையில் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்த நமக்குத் தொண்டை அடைக்கிறது.

உதவிப் பிரின்ஸிபால் வெர்னன் அவனுக்கு என்ன செய்கிறார்? அவன் வாய் கொடுக்கக் கொடுக்க, "இன்னொரு சனிக்கிழமை, இன்னொன்று" என்று ஏற்றிக்கொண்டே போகிறார். இரண்டு மாதத்துச் சனிக்கிழமைகள் சேர்ந்துவிடுகின்றன! பையன் திருந்தினானா? ஒரு துளிகூட இல்லை. பிள்ளைகள் அன்றும் இன்றும் ஒன்றுதான், மாறியவர் நீங்களே என்று வெர்னனுக்குச் சொல்ல, பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் கார்ல் வேண்டியிருக்கிறது.

பிற்பகலில் ஐவரும் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். ஒரு பையனை ஆண்ட்ரூ அவமானப்படுத்தியது தன் தகப்பனாரின் மெச்சுதலுக்காக. பிரயன், கைவேலை வகுப்பில் செய்த யானை விளக்கு எரியாமல் மார்க்குப் போனதால், உயிரையே விட்டுவிடலாமா என்று நினைத்தவன். இதெல்லாம் பெற்றவர்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அல்லவா தெரியும்? தண்டனை கொடுத்தவர் அந்த ஐவருக்கும் மறு வாய்ப்புக் கொடுக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டதன் மூலம் அவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

குறையும் உண்டு. கிளேரைப் பெண்டர் படுத்தும் பாட்டைப் படம் வேடிக்கையாக்கிவிடுகிறது. கிளேராக நடித்த மாலி ரிங்வால்ட், பிற்காலத்தில் தம் மகளோடு இப்படத்தைப் பார்த்தபோது அவருக்கே அது உறுத்தியது. 2018-ல் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் அதை மனம் விட்டு எழுதினார். ஆலிஸனுக்கு மை தீட்டி, தலை சீவி விட்டதும்தான் ஆண்ட்ரூவுக்கு அவள் மேல் பிரியம் வருகிறது என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. வசைச் சொற்களும், கஞ்சா பிடிக்கும் காட்சியும் இருப்பதால் சிறு குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

"திங்கட்கிழமையும் நாம் சிநேகிதர்கள்தானா?" என்று பிரயன் கேட்கிறான். மாட்டோம் என்று கிளேர் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். படம் அதற்கு மேல் பதில் சொல்லவில்லை. ஐவருக்குமாகப் பிரயன் ஒரே கட்டுரை எழுதி வைத்துவிட்டுப் போகிறான். வாசலில் கார் காத்திருக்கிறது. அவன் தகப்பனாராக ஒரு கணம் தலைகாட்டுகிறவர் டைரக்டர் ஹ்யூஸேதான்!

அந்தக் கார் வீடு போய்ச் சேர்வதற்குள் தகப்பனார் மகனிடம் என்ன கேட்டிருப்பார்? "படித்தாயா?" என்றா, "உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்றா? இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளை வீடு திரும்பும்போது, நீங்கள் எதைக் கேட்கப் போகிறீர்கள்?