ஸ்டாக்ஹோம் மட்டும் ஸ்வீடன் இல்லை



ஸ்வீடனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் நானும் சாரும் சாத்தூர் வந்து சேர்ந்தோம். வந்த நாளிலிருந்து போனில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "ஸ்டாக்ஹோம் பார்த்தீங்களா டீச்சர்?" பார்த்தோம். இரண்டு நாள் பார்த்தோம். அழகான ஊர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனதில் தங்கியது அதுவல்ல. யாரும் பெயர் சொல்லிக் கேட்காத நாலைந்து சின்ன ஊர்கள்தான். அவற்றைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். வகுப்பில் பொறுமையாகக் கேட்டவர்கள் இங்கேயும் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் கருத்து இதுதான். ஒரு நாட்டின் தலைநகரம் விருந்தாளிக்கென்று துடைத்து வைத்த முன்னறை மாதிரி. அடுப்படியும் கொல்லையும் சின்ன ஊர்களில்தான் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள், அந்தப் பிழைப்பு போன பிறகு என்ன செய்தார்கள் என்பது அங்கே போனால்தான் தெரியும். நம் மாதிரி ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

முதலில் யோன்ஷோப்பிங். ஸ்வீடிஷ் மொழியில் 'ஷோப்பிங்' என்று முடிகிற ஊர்கள் நிறைய உண்டு. மகள் இருப்பது லின்ஷோப்பிங், பக்கத்து ஊர் நோர்ஷோப்பிங். சந்தை கூடிய ஊர் என்று பொருள். நம் 'பேட்டை' போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யோன்ஷோப்பிங் வெட்டெர்ன் என்ற பெரிய ஏரியின் தென்முனையில் இருக்கிறது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது, கடல் என்றே நினைப்பீர்கள்.

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பிள்ளைகளே, உங்கள் வீட்டுச் சோற்றுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. பாதுகாப்புத் தீப்பெட்டி உலகமெங்கும் பரவியது அங்கிருந்துதான். அதற்கு முன்பு தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். தொழிலாளிகளின் தாடை எலும்பை அரித்துவிடும். 1844-இல் பாஷ் என்ற ஸ்வீடன் வேதியியலாளர், பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துவிட்டு, நச்சில்லாத சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் தடவும் முறையைக் கண்டார். யோன்ஷோப்பிங்கின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் சரிப்படுத்தித் தொழிலாக்கினார்கள். 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் பரிசும் வாங்கினார்கள். அவர்களுடைய 1848-ஆம் ஆண்டுக் கட்டடம் இன்று தீப்பெட்டி அருங்காட்சியகம்.

அங்கே நான் நெடுநேரம் நின்றது இயந்திரங்களுக்கு முன்னால் இல்லை. அந்தக் காலத்தில் ஏழைக் குடும்பங்கள் பெட்டிகளை வீட்டுக்கு வாங்கிப்போய் ஒட்டிக் கொடுத்த கதைக்கு முன்னால்தான். அம்மாவோடு பிள்ளைகளும் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1842-இலேயே சட்டம் போட்ட நாடு அது. சட்டம் வந்த பிறகும் பிள்ளைகளின் விரலில் பசை காயவில்லை. நம் பக்கம் விடியுமுன்னே ஆலை பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வருகைப் பதிவேட்டில் வரிசையாக 'ஆ' போட்ட கை என்னுடையது. 'அவங்க முன்னேறின நாடு, நம்ம கதை வேற' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களும் இதே வழியாக நடந்துதான் வந்திருக்கிறார்கள். சட்டமும் பள்ளிக்கூடமும் தொழிற்சங்கமும் சேர்ந்துதான் மாற்றின. ஸ்டாக்ஹோம் அரண்மனை முன்னால் படம் எடுத்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு சங்கதி. ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனிதான் 1923-இல் இந்தியாவில் விம்கோவைத் தொடங்கியது. சென்னையில் இன்றைக்கும் விம்கோ நகர் என்று மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். அதே காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து நம் பக்கம் தீப்பெட்டி தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு எதிரே நம் கைத்தொழில் நின்று பிடித்தது. இன்று யோன்ஷோப்பிங்கில் தீக்குச்சி செய்வதில்லை. பழைய ஆலைகளில் கடைகளும் ஓட்டல்களும் நாடக அரங்கும் இருக்கின்றன. நம் பக்கத்திலும் கையால் செய்யும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்க்கிறோம். அந்தக் கட்டடங்களை நாம் என்ன செய்யப் போகிறோம்? இடித்து பிளாட் போடுவதைத் தவிர வேறு யோசனை யாருக்காவது இருக்கிறதா?

அங்கிருந்து பஸ்ஸில் ஏரிக்கரையோடு வடக்கே போனால் கிரென்னா. நம் கிராமங்களை விடச் சின்னது. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய பெப்பர்மின்ட் மிட்டாய் பிறந்த ஊர். அமாலியா எரிக்ஸன் என்ற விதவைப் பெண், கைக்குழந்தையோடு பிழைக்க வழியில்லாமல், 1859-இல் நகர நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி இந்த மிட்டாயை விற்கத் தொடங்கினார். இன்று ஊரே அந்த மிட்டாயில் பிழைக்கிறது. கடைகளில் சர்க்கரைப் பாகைக் கையால் இழுத்து முறுக்குவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். அந்த அம்மாவுக்கு ஊரில் சிலையும் வைத்திருக்கிறார்கள். மிட்டாய் விற்ற பெண்ணுக்குச் சிலை! சேவு விற்றும் முறுக்கு சுட்டும் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது வெக்ஷோ. ஸ்மோலந்து மாகாணத்தில் காடும் ஏரியும் சூழ்ந்த ஊர். செடி கொடிகளுக்கும் உயிர்களுக்கும் இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் படித்தது இந்த ஊர்ப் பள்ளியில்தான். படித்தார் என்றா சொன்னேன்? ஆசிரியர்கள் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டு, 'பையனுக்குப் படிப்பு ஏறாது, பாதிரியார் ஆக முடியாது' என்று சொன்ன இடம் அது. அதே பள்ளியில் பாடம் நடத்திய மருத்துவர் ரோத்மன் மட்டும், 'இவன் மருத்துவனாக வருவான், என்னிடம் விடுங்கள்' என்று தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு தாவரவியல் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒருவர் இல்லாவிட்டால் லின்னேயஸ் இல்லை. பின்னாளில் லின்னேயஸிடம் படித்த கேனிக் என்ற மருத்துவர் 1768-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் 'கேனிகி' என்று ஒட்டிக்கொண்டிருப்பது அவருடைய பெயர்தான். என் மாணவர்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் ரோத்மன் பெயரை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள்.

அதே வெக்ஷோவில் குடிபெயர்ந்தோர் இல்லம் என்று ஒன்று இருக்கிறது. 1850-க்குப் பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போன கதை அங்கே இருக்கிறது. ஸ்மோலந்து கல் விளையும் பூமி. வயலிலிருந்து பொறுக்கிப் போட்ட கற்கள் இன்றும் வரப்பு வரப்பாகக் கிடக்கின்றன. அந்தக் கரிசலும் மழையும் இல்லாத நம் மேட்டு நிலங்கள்தான் என் கண்முன் வந்தன. பிள்ளைகளைக் கப்பல் ஏற்றிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த பெற்றோர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். இப்போது நம் பிள்ளைகள் அந்த நாட்டுக்குப் பிழைக்கப் போகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, ஒரு தடவையாவது அந்த இல்லத்துக்குப் போய் வாருங்கள். தலை குனிந்து நடக்கவும் வேண்டாம், ஊரைப் பார்த்து ஏளனம் பேசவும் வேண்டாம் என்று அது சொல்லும்.

நோர்ஷோப்பிங் பஞ்சும் கம்பளியும் நெய்த ஊர். ஊர் நடுவே ஆறு அருவி மாதிரி இறங்குகிறது. அந்தத் தண்ணீர் விசையில் ஆலைகள் ஓடின. ஸ்வீடனின் மான்செஸ்டர் என்பார்கள், நம் கோயம்புத்தூரைச் சொல்வது போல. 1970 வாக்கில் பெரிய ஆலைகளெல்லாம் மூடிவிட்டன. இடிக்கவில்லை. ஒன்றில் பல்கலைக்கழகம், ஒன்றில் இசை அரங்கு, ஆற்றுக்கு நடுவே இஸ்திரிப் பெட்டி வடிவில் நிற்கும் ஏழு மூலைக் கட்டடத்தில் உழைப்பின் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். அந்தக் கட்டடத்தில் 35 ஆண்டுகள் நூல் சுற்றிய ஆல்வா கார்ல்சன் என்ற தொழிலாளியின் வாழ்க்கையைத் தனியாகக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லை, தளபதி இல்லை, மில்லுக்குப் போன ஓர் அம்மா. சமூக அறிவியல் நடத்திய முப்பது ஆண்டுகளில் நான் பாடப்புத்தகத்தில் தேடியது இதைத்தான்.

"சரி டீச்சர், அங்கெல்லாம் பார்க்க என்ன இருக்கு, ஞாயித்துக்கிழமை ஊரே மூடிக்கிடக்குமே" என்பீர்கள். உண்மைதான். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் குறையும். திங்கட்கிழமை அருங்காட்சியகம் பல ஊர்களில் திறக்காது. ரயில் தாமதம் அங்கேயும் உண்டு. ஒருநாள் நடுவழி ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். பணத்தாளைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், கார்டு இல்லாமல் வெளியே போகாதீர்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் சிரமம் இல்லை. வார நாட்களில் மத்தியானச் சாப்பாடு என்று ஒரு விலைக்குக் காய்கறி, ரொட்டி, காபி எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். சைவமும் உண்டு. கடையில் 'ஃபில்' என்று ஒரு புளித்த பால் கிடைக்கும். நம் தயிருக்கு ஒன்றுவிட்ட தங்கை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். நூலகத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கழிப்பறையும் இருக்கும். சாருக்கு முழங்கால் வலி. ஸ்டாக்ஹோம் சுரங்க ரயிலில் ஏறி இறங்கித் தவித்தவர், இந்த ஊர்களில் ஸ்டேஷனிலிருந்து மெதுவாக நடந்தே எல்லாம் பார்த்தார்.

கடைசியாக, இதை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெற்றோர்கள் பலர், மூன்று மாத விசா முழுவதையும் ஜன்னலோரம் கழிக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, சமையல், பாத்திரம், வாரக் கடைசியில் பிள்ளைகள் காரில் எங்கே கூட்டிப்போகிறார்களோ அங்கே. திரும்பி வந்து, "ஜெயில் மாதிரி இருந்துச்சு மதினி" என்று என்னிடம் சொன்னவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. பேரனைத் தூக்குவது சந்தோஷம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறுபது வயதில் அவ்வளவு தூரம் போவது ஆயா வேலைக்கு மட்டும் இல்லை.

பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அம்மா அப்பா கையில் ஒரு கார்டும், போனில் டிக்கெட்டும், திரும்பி வர வேண்டிய ரயிலின் நேரமும் கொடுத்து அனுப்புங்கள். தொலைந்து போக மாட்டார்கள். அரை மணி, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சின்ன ஊரிலிருந்து தொடங்குங்கள். பெரிய ஊரில் அனுப்பப் பயப்படுவது நியாயம், இந்த ஊர்களில் பயப்பட ஒன்றுமில்லை. வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறார்கள். நமக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷ் போதும்.

பெற்றோர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் உங்களுக்கென்று கேட்டு வாங்குங்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்த வருடம் போகிறவர்கள் போன் செய்யுங்கள். எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். படித்தவர்கள் கீழே பெயரோடு எந்த வருட பேட்ச் என்றும் எழுதுங்கள். முகம் நினைவிருக்கிறது, பெயர்தான் சட்டென்று வர மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்