பழைய கஞ்சிலுக்கு 4,000 ரிங்கிட்: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

ஜோர்ஜ்டவுன் - 1985 ஆகஸ்டு 3ஆம் தேதி பினாங்குப் பாலத்தைத் திறந்து வைத்த அன்றைய பிரதமர் மகாதீர், சிவப்பு நிறப் புரோட்டோன் சாகாவில்தான் பாலத்தைக் கடந்தார். ‘நமக்கும் ஒரு கார்’ என்ற ஆசை சாதாரணக் குடும்பங்களுக்குள் நுழைந்த காலம் அது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. ஒரே மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நெருக்கியடித்துச் சென்ற பல வீடுகளில், மழையில் நனையாமல் பள்ளிக்கும் கோயிலுக்கும் போக வழி பிறந்தது.

அந்தக் கார்களில் பல இன்னும் ஓடுகின்றன. தோட்டங்கள் கைமாறிய பிறகு நிபோங் திபால், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு அவை வெறும் வாகனமல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகவும், நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடவும் அந்த ஒரு கார்தான் துணை.

2025 அக்டோபர் 10ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட 2026 வரவு செலவுத் திட்டம் இந்தக் கார்களைப் பற்றிய கேள்வியை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 20 ஆண்டுக்கு மேற்பட்ட காரைக் கைவிட்டுப் புதிய தேசியக் கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி. புரோட்டோன், பெரோடுவாவுடன் இணைந்த இந்த மானியத்துக்கு 10 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீடு.

மாதத் தவணை சொல்லும் கணக்கு

4,000 ரிங்கிட் சிறிய தொகையல்ல. ஆனால் அது புதிய காரின் தொடக்கச் செலவை மட்டுமே குறைக்கிறது. 2023இல் அறிமுகமான மேனுவல் கியர் அக்சியா இ காரின் விலை காப்புறுதி நீங்கலாக 22,000 ரிங்கிட். அந்த விலைக்கே முழு உதவியும் கிடைப்பதாக வைத்துக் கொண்டாலும் மீதம் 18,000. ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலை வட்டியில் 9 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 219 ரிங்கிட், ஆண்டுக்கு 2,630. கடன் உள்ளவரை முழுக் காப்புறுதியும் எடுத்தாக வேண்டும்.

பழைய கஞ்சிலுக்குத் தவணை இல்லை. 1,000 சிசிக்கு உட்பட்டதால் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். எண்ணெய் மாற்றம், டைமிங் பெல்ட், ரேடியேட்டர், பேட்டரி, பிரேக், நான்கு டயர் எல்லாம் ஒரே ஆண்டில் சேர்ந்து வந்தாலும், சாதாரணப் பட்டறையில் ஏறத்தாழ 2,000 ரிங்கிட்டில் முடித்துவிடலாம். அவை ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவுமல்ல.

செலவு எங்கே பெருகுகிறது?

பழைய காரில் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் தள்ளிப்போட்ட சிறு பழுதுதான். விறைத்துப்போன ரப்பர் குழாயை மாற்றச் சில பத்து ரிங்கிட் போதும். அதை விட்டுவிட்டு ஆயர் ஈத்தாம் நெரிசலிலோ பாயா தெருபோங் மேட்டிலோ என்ஜின் கொதித்துவிட்டால், ஹெட் கெஸ்கட் வேலைக்குப் பல நூறு ரிங்கிட் ஆகும். வெப்பமானி முள் ஏறியதும் காரை நிறுத்திவிட வேண்டும். ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டுவதே பெரிய செலவுக்குத் தொடக்கம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

கஞ்சில், பழைய சாகா, வீரா ஆகியவற்றில் இருப்பது டைமிங் பெல்ட். முதல் தலைமுறை மைவியில் இருப்பது சங்கிலி. பெல்ட் அறுந்தால் கார் நடுவழியில் நிற்கும். சில என்ஜின்களில் வால்வும் வளையும். பழைய கார் வாங்குபவர், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். புரோட்டோன் கார்களில் பேர்போன பவர் விண்டோ பழுது எரிச்சல் தரும். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. கையில் காசு குறைவு என்றால் பிரேக்கும் டயரும் முதலில், ஜன்னலும் ஏர்கோனும் பிறகு. டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். வாங்கும்முன் பார்ப்பது நல்லது.

எப்போது விடைகொடுப்பது?

பாசத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அடிச்சட்டம் துருப்பிடித்து இற்றுப்போனால், ஹெட் கெஸ்கட் திரும்பத் திரும்பப் போனால், கியர்பாக்ஸ் செலவு காரின் விலையையே தாண்டினால், அதற்கு மேல் செலவழிப்பது வீண். அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் காற்றுப்பை கிடையாது என்பதையும் மறந்துவிட முடியாது. மறுபுறம், நல்ல நிலையில் உள்ள பழைய கெலிசா சந்தையில் 4,000 ரிங்கிட்டுக்கு மேலும் விலை போகிறது. சந்தை விலையை விசாரிக்காமல் கைவிடுவது நட்டம்.

2009 மார்ச்சிலும் இப்படியொரு திட்டம் வந்தது: 10 ஆண்டுக்கு மேற்பட்ட காரைக் கொடுத்துத் தேசியக் கார் வாங்கினால் 5,000 ரிங்கிட் கழிவு. அதே ஆண்டின் இறுதியில், 15 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்ற அறிவிப்பு மக்கள் எதிர்ப்பால் சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு பாதுகாப்புக்கு எதிரானதல்ல. சோதனையில் தேறாத காருக்குப் பதிலாக வேறு கார் வாங்க வழியில்லாதவர்களின் அச்சம்.

இன்றும் நிலைமை அதுவே. 10 மில்லியனை 4,000ஆல் வகுத்தால் 2,500 கார்கள். பாதித் தொகையை நிறுவனங்கள் ஏற்றாலும் 5,000தான். வங்கிக் கடன் கிடைக்கக்கூடியவர்களுக்கே இந்த உதவி எட்டும். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர் நாளையும் அதே கஞ்சிலில்தான் பாலம் ஏறுவார். அவருடைய பிரேக்கையும் டயரையும் குறைந்த செலவில் சோதித்து மாற்ற ஓர் உதவித் திட்டம் இருந்தால், அதே சாலையில் போகும் மற்றவர்களுக்கும் அது பாதுகாப்பு. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும்போது, நம் மக்கள் பிரதிநிதிகள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.