அடியாளுக்கு ஒரு பெயர்

2025 ஆகஸ்ட் 14 அன்று ‘கூலி’ வெளியானபோது, ரஜினிகாந்த் படமென்றால் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிப் பழகிய குடும்பங்கள் சில, திரையரங்க வாசலிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அனுமதியில்லை. தயாரிப்பாளர்கள் ‘யு/ஏ’ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வன்முறை மிகுந்த வேறு படங்களுக்கு ‘யு/ஏ’ தரப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். மனு தள்ளுபடி ஆனது. சில வாரங்களில் படம் ஓடிடிக்கு வந்துவிட்டது. அங்கே வாசலும் இல்லை, டிக்கெட் கிழிப்பவரும் இல்லை. எந்தப் பிள்ளை பார்க்கலாம், எந்தப் பிள்ளை பார்க்கக்கூடாது என்ற பொறுப்பு முழுவதும் அப்பா அம்மா கையில் வந்து சேர்ந்தது.

சட்டம் ஓரளவுக்குத்தான் துணைவரும். 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி படங்களை வயதுவாரியாகப் பிரிக்கச் சொல்கின்றன. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி வேண்டும் என்கின்றன. 2024 முதல் திரையரங்கப் படங்களுக்கும் யுஏ 7+, 13+, 16+ என்ற பிரிவுகள் வந்திருக்கின்றன. இவற்றில் ‘ஏ’ ஒன்றுதான் தடை. மற்றவை பெற்றோருக்குச் சொல்லப்படும் யோசனை. ஆறு வயதுப் பிள்ளையை 16+ படத்துக்குக் கூட்டிப்போகும் தகப்பனை வாசலில் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆகவே அந்தத் தகப்பன் எந்த அளவுகோலை வைத்து முடிவெடுக்கிறான் என்பது முக்கியமாகிறது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கிறிஸ்தவ வீடுகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். அந்த வீடுகளில் இந்த அளவுகோல் பழுதாகியிருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சினிமா உலகப்பிரகாரமானது, விசுவாசிகள் வீட்டில் அதற்கு வேலையில்லை. கொட்டகைக்குப் போவதை விட்டதை ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சியாகச் சொன்னவர்கள் உண்டு. அந்தத் தலைமுறையைக் கேலி செய்ய எங்களுக்கு மனமில்லை. படம் பார்க்காத அந்த வீடுகளில்தான் மாலையில் கீர்த்தனைகள் ஒலித்தன, பிள்ளைகள் நாலு குரலில் பாடக் கற்றார்கள். அதே ஆட்கள்தான் பிற்பாடு ஊர் மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டி, 1978இல் தெலுங்கில் வந்த ‘கருணாமயுடு’ படத்தின் தமிழ் வடிவமான ‘கருணாமூர்த்தி’யைத் திரையிட உதவினார்கள். ஆணி அறையப்படும் காட்சியில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தத் தடை இன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. அது போன இடத்தில் ஓர் அரைகுறைப் பழக்கம் உட்கார்ந்திருக்கிறது. திரையில் முத்தம் வந்தால் சேனல் மாறுகிறது. அரைகுறை உடையில் ஆட்டம் வந்தால் “ஓட்டிவிடுல” என்று அப்பா சொல்வார். கெட்ட வார்த்தை வந்தால் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார். கதாநாயகன் அரிவாளை எடுத்ததும் எல்லோரும் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு தலை உருள்கிறது, பிள்ளை கைதட்டுகிறது, குழம்பு பரிமாறப்படுகிறது. பிறகு வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். இதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

ரத்தமே கூடாது என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் வேதாகமத்தையே வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது. யாகேல் கூடார ஆணியைச் சிசெராவின் நெற்றிப்பொட்டில் அடித்து இறக்குகிறாள். கோலியாத்தின் தலையை அவன் பட்டயத்தாலேயே தாவீது வெட்டுவதை ஓய்வுநாள் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம். சிலுவையைவிடக் கொடிய காட்சி எதுவும் நம் சுவர்களில் தொங்கவில்லை. ரத்தத்தை அளந்து பார்ப்பவர்கள் மெல் கிப்சனின் ‘ஹாக்ஸா ரிட்ஜ்’ (2016) படத்தை முதல் ஆளாகத் தள்ளிவைப்பார்கள். அந்தப் போர்க்களக் காட்சிகள் அவ்வளவு கோரம். ஆனால் அது டெஸ்மண்ட் டாஸின் கதை. துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று விசுவாசத்தின் பேரில் மறுத்து, ஒகினாவா செங்குத்துப் பாறையில் காயம்பட்டுக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்கிய ஏழாம் நாள் அட்வெந்து சபை மருத்துவ உதவியாளர் அவர். சுமார் 75 பேரைக் காப்பாற்றியதாகக் கணக்கு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கத்தக்க படம் என்று அதைத் தயங்காமல் சொல்வோம். ஒரு சொட்டு ரத்தமும் காட்டாமல், முப்பது பேரைச் சுட்டுத்தள்ளிவிட்டு நாயகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்ளும் படத்தை அப்படிச் சொல்ல வாய் வராது.

திரையில் சாகிறவனை அந்தப் படம் யாராக வைத்திருக்கிறது என்பதுதான் நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்வி. அவனுக்கு ஒரு பெயர் உண்டா? அவன் விழுந்தபிறகு கேமரா ஒரு நொடியாவது அவன் முகத்தில் நிற்கிறதா?

தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ‘ஞானசௌந்தரி’யைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்த் திருவிழாக்களில் நாடகமாக நடந்து, 1948இல் சிட்டாடல் நிறுவனத்தின் தயாரிப்பில், எப். நாகூர் இயக்கத்தில், எம்.வி. ராஜம்மா நடித்துப் பெரும் வெற்றி கண்ட கதை. சிற்றன்னையின் சூழ்ச்சியால் ஒரு பெண்ணின் இரண்டு கைகளும் வெட்டப்படுகின்றன. இன்றைய சண்டைப்படங்கள் எதற்கும் குறையாத கொடுமை அது. ஆனால் கதை முழுவதும் அந்த வெட்டுண்ட கைகளின் பக்கத்திலேயே நிற்கிறது. பார்க்க வந்த சனம் வெட்டுப்பட்டவளுக்காக அழுதது, அவளுக்குக் கைகள் திரும்ப வேண்டுமென்று மாதாவிடம் அவளோடு சேர்ந்து மன்றாடியது. அதே அரங்குகளில் இன்று கையோ காதோ தலையோ துண்டாகும்போது விசில் பறக்கிறது. வெட்டு என்னவோ அதே வெட்டுதான். பார்க்கிற நாம் வெட்டுபவனின் பக்கம் போய் நிற்கிறோம்.

விசில் என்றதும் அலிப்பியுஸ் நினைவுக்கு வருகிறார். அகுஸ்தீனாரின் ‘அறிக்கை’ நூலில் ஆறாம் பாகத்தில் வருகிற அவருடைய நண்பர். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி. சட்டம் படிக்க ரோமுக்குப் போன இளைஞர். மனிதரை மனிதர் வெட்டிக்கொள்ளும் களத்து விளையாட்டுகள் அவருக்கு அருவருப்பு. ஒருநாள் உடன்படிப்பவர்கள் விளையாட்டாக இழுத்துப்போகிறார்கள். உடம்பைத்தான் இழுத்துப்போக முடியும், மனத்தை முடியாது என்ற உறுதியோடு போய் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொள்கிறார். களத்தில் ஒருவன் விழுந்ததும் கூட்டம் கூச்சலிடுகிறது. என்னவென்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம் என்று கண்ணைத் திறக்கிறார். அவ்வளவுதான். அதன்பின் அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து தானும் கத்துகிறார். பிறகு தானாகவே அங்கே வருகிறார், மற்றவர்களையும் இழுத்துவருகிறார்.

ரோமின் களத்தில் செத்தவர்கள் உண்மையாகவே செத்தார்கள். திரையில் சாகிறவர் எழுந்து முகம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வித்தியாசம் பெரியது, அதை மறக்கக்கூடாது. ஆனாலும் இந்தக் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்துவது அலிப்பியுஸ் வீழ்ந்த வழி. கண்ணுக்குக் காவல் போட்டவருக்குச் சோதனை காது வழியே வந்தது. அவரை வென்றது கூட்டத்தின் மகிழ்ச்சி. முதல்நாள் முதல்காட்சிக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கிப்போகிற இளம் தகப்பன்மார் யோசிக்க வேண்டிய இடம் இது. கொலைக்காட்சியில் அந்தப் பிள்ளை திரையை மட்டும் பார்ப்பதில்லை, அப்பாவின் முகத்தையும் பார்க்கிறது. எதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்பதை அந்த முகத்திலிருந்துதான் கற்கிறது. அதே படத்தை நாலைந்து வருடம் கழித்து, வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு, இடையில் நிறுத்திப் பேச வழிவைத்துப் பார்ப்பது முற்றிலும் வேறு காரியம்.

‘லியோ’ (2023) பல கிறிஸ்தவ வீடுகளில் விவாதத்தைக் கிளப்பிய படம். அதில் ஓர் இடம் எங்களுக்கு மிகவும் முக்கியமாகப்படுகிறது. காபிக்கடையில் தன் மகளைக் காப்பாற்ற நாயகன் பார்த்திபன் கொள்ளையர்களைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். கொன்று முடித்ததும் அவன் உடைந்து அழுகிறான். சண்டைப்படத்தின் நாயகன் தான் செய்த கொலையைத் தாங்கமாட்டாமல் அழுவதை நம் பிள்ளைகள் எத்தனை படங்களில் பார்த்திருப்பார்கள்? அங்கே படத்தை நிறுத்தி, “ஏன் அழுறான்?” என்று பதின்மூன்று வயது மகனிடம் கேட்கலாம். ஆனால் பிற்பாதியில் அந்தப் படமே அந்த அழுகையைக் கைவிட்டுவிடுகிறது. பெயரில்லாத ஆட்கள் கும்பல் கும்பலாக வந்து விழுகிறார்கள், எவருக்காகவும் எவரும் கலங்குவதில்லை. ஒரே படத்துக்குள் இரண்டும் இருப்பதால்தான் இது பேசுவதற்கு ஏற்ற படம் என்கிறோம். ‘கூலி’யில் பிணங்களை நொடியில் எரித்துச் சாம்பலாக்கும் ஓர் இருக்கை வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிற சனம் நாம். யாரென்றே தெரியாமல் சாம்பலாகிறவர்களைப் பார்த்து நமக்குக் கொஞ்சமாவது நெஞ்சு பதைக்க வேண்டாமா?

இடையில் ஒன்று. ‘பாட்ஷா’வில் மார்க் ஆண்டனி, ‘லியோ’வில் ஆண்டனி தாஸ், ‘கூலி’யில் சைமன் என்று வில்லனுக்குக் கிறிஸ்தவப் பெயர் வைப்பதைப் பற்றிச் சில வாலிபர் கூட்டங்களில் கோபமாகப் பேசுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வில்லனுக்காவது ஒரு பெயர் கிடைக்கிறது. அவனுக்காகச் சாகும் அடியாட்களுக்கு அதுவும் இல்லை என்பதைக் குறித்து அதே கூட்டங்களில் ஒருவரும் கோபப்படுவதில்லை.

வேதாகமத்தின் மிகப் பெரிய சண்டைவீரன் தாவீது. அவன் வெற்றிகளை ஊர்ப்பெண்கள் பாடி ஆடினார்கள். அப்படிப்பட்டவன், தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் செத்தபோது வஸ்திரத்தைக் கிழித்துப் புலம்பினான். தனக்கெதிராகப் படை திரட்டிய அப்சலோம் செத்தபோது, வெற்றிச் செய்தி கொண்டுவந்தவர்கள் திகைக்கும்படி மேல்வீட்டுக்குப் போய் அழுதான். ஆலயம் கட்ட ஆசைப்பட்டபோது, நீ மிகுந்த ரத்தம் சிந்தினவன் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது என்று முதலாம் நாளாகமம் சொல்கிறது. அவன் செய்த யுத்தங்களை வேதம் மறைக்கவில்லை. ஆனால் அந்த ரத்தத்துக்குக் கணக்கு வைத்திருந்தது. கோலியாத்தின் கதையோடு நிறுத்திவிடும் ஓய்வுநாள் பள்ளிகள் இந்தப் பக்கங்களையும் பிள்ளைகளுக்குச் சொன்னால், திரையில் எதைத் தேட வேண்டும் என்பது அவர்களுக்கே பிடிபடும்.

சில சபைகளில் பார்க்கத்தக்க படம், தகாத படம் என்று ஐயர் பட்டியல் தந்தால் நல்லது என்ற பேச்சு இருக்கிறது. எங்களுக்கு உடன்பாடில்லை. பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை பழசாகிவிடும். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எந்த ஊரில் படிக்கப்போனாலும் உதவும். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இந்த முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தைப் பெரியவர்களில் ஒருவர் முதலில் பார்த்துவிடுவதோ, பார்த்தவரிடம் விசாரிப்பதோ கஷ்டமான வேலையில்லை. பாதியில் எழுந்துபோக விரும்பும் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் நெஞ்சு மரத்துப்போகவில்லை.

விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தின்னலாமா என்று கேட்ட கொரிந்து சபையாருக்குப் பவுல் எழுதியதையும் நினைத்துக்கொள்ளலாம். தின்பதில் தவறில்லை என்று தெளிந்திருப்பவர், பலவீனமான சகோதரனுக்கு இடறலாகும் என்றால் அதை விட்டுவிட வேண்டும் என்பது அவர் வாதம். இந்த வசனப்பகுதியைப் பெரும்பாலும் பிள்ளைகளை அடக்கத்தான் பயன்படுத்துகிறோம். சினிமா விஷயத்தில் பலமுள்ளவர் அப்பா, பலவீனர் மடியில் இருக்கும் ஆறு வயது மகள். தனக்குப் பிடித்த நடிகரின் படத்தை முதல்நாளே பார்க்கும் ஆசையை அவளுக்காக விட வேண்டியவர் அவர்தான். வேண்டுமானால் இன்னொரு நாள் தனியாகப் போய்வரட்டும்.

அடுத்த இதழில் பெற்றோரின் கடிதங்களுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். எந்தப் படத்தை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், பிள்ளை என்ன கேட்டது, அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் திகைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே எழுதி அனுப்பினால் முதல் இடம் அவர்களுக்கு.