பாதி ரிப்பேர், முழு ஆபத்து

பழைய சைக்கிள் வாங்கப் போறீங்களா? தாராளமா வாங்குங்க. ஆனா ரிப்பேர்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டவன் சொல்றேன்.

நான் வாங்கின சைக்கிள்ல பின்சக்கரம் எட்டு போட்டுது, செயின் தொங்குச்சு. கடைக்கார அண்ணன் சுத்திப் பார்த்துட்டு, "ரெண்டு போக்ஸ் கம்பி போயிருக்கு, கோட்டம் எடுக்கணும். செயினோட ப்ரீவீலையும் மாத்திடு தம்பி"ன்னார். நான்தான் மேதாவியாச்சே! "செயின் மட்டும் போதும்ணே"ன்னுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு காவிரிப் பாலம். மாம்பழச்சாலையிலிருந்து ஏறி, எதிர்காத்துல எழுந்து நின்னு மிதிச்சேன். செயின் பல்லைத் தாண்டிக் குதிச்சுது. கால் நழுவி, முட்டி ரோட்டுல. பின்னாடி வந்த பஸ் பிரேக் போட்டதால இதை எழுதிட்டிருக்கேன்.

காரணம் சின்னதுதான். செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். ஓட ஓட பின் தேஞ்சு அந்த இடைவெளி கூடும். ப்ரீவீல் பல்லும் அதுக்கேத்த மாதிரி தேயும். பழசும் பழசும் ஒத்துப்போகும், புது செயின் ஒத்துப்போகாது. ஒரு அடி ஸ்கேல் வச்சுப் பாருங்க. 24 இடைவெளி சரியா 12 அங்குலம் இருக்கணும். கால் அங்குலத்துல பாதி கூடியிருந்தா பல்லும் போச்சுன்னு அர்த்தம்.

சக்கரமும் அப்படித்தான். பின்சக்கரத்துல ப்ரீவீல் பக்கக் கம்பிகள்தான் அதிக இறுக்கம், பெரும்பாலும் அதான் அறும். ஒண்ணு அறுந்தா எதிர்ப்பக்கக் கம்பி ரிம்மை இழுத்துடும். சுத்தியலால தட்டினா சரியாகாது. கம்பியை மாத்தி, நிப்பிளைக் கால் சுத்து கால் சுத்தா திருகணும். ரிம்மே மடங்கியிருந்தா மாத்திடுங்க.

"இவ்வளவு செலவுக்குப் புதுசே வாங்கலாமே?"ன்னு கேப்பீங்க. 1976-ல திறந்த அதே காவிரிப் பாலத்தை 2022-23-ல மூடி, தேஞ்ச இணைப்புகளை மாத்தித்தான் மறுபடி திறந்தாங்க. ஃப்ரேம் நல்லாயிருந்தா சைக்கிளுக்கும் அதே நியாயம்தான்.

பேரம் பேசாம சினிமா டிக்கெட் வாங்குறோம். ஒரு மணி நேரம் குனிஞ்சு கோட்டம் எடுக்குறவர்கிட்ட மட்டும் பத்து ரூபா குறைக்கச் சொல்றோம்! அந்த மிச்சக் காசு எனக்கு டிஞ்சருக்கே பத்தலை :-)

அப்புறம் ப்ரீவீலையும் மாத்திட்டேன். இப்ப பாலத்துல நிம்மதியா மிதிக்கிறேன்.