பாமினிக்குள் அகப்பட்ட பெயர்கள்

"தம்பி, நான் 2010இல தந்த விபரம் இன்னும் உங்களிட்ட இருக்கோ?"

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய் என்னிடம் கேட்டார். மகனின் பெயரைக் கணினியில் தட்டித் தேடினேன். இல்லை என்றது. ஆனால், பதிவு இருந்தது. நானே தட்டச்சு செய்தது. பாமினி எழுத்துருவில் இருந்ததால் தேடலில் அகப்படவில்லை.

போர் முடிந்த காலத்தில் எங்கள் அலுவலகங்களில் வாக்குமூலங்கள், பெயர்ப் பட்டியல்கள், காணி முறைப்பாடுகள் பெரும்பாலும் பாமினியிலேயே பதியப்பட்டன. 1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால், எங்கள் விரல்களுக்குப் பழகியது பாமினி. அதில் 'தமிழ்' என்று எழுதினால், கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கிலக் குவியலே தெரியும்.

இதை யூனிகோட்டுக்கு மாற்றுவது எழுத்துக்கு எழுத்து மாற்றும் வேலையல்ல. பாமினியில் 'கெ' எழுதும்போது கொம்பு முதலில், ககரம் பின்னர். யூனிகோட்டில் ககரம் முதலில். 'கொ' பாமினியில் மூன்று துண்டு. இந்த வரிசையைத் தவறவிடும் கருவி பெயர்களைச் சிதைத்துவிடும். இடையில் ஆங்கிலத்தில் எழுதிய பெயரோ முகவரியோ இருந்தால் அதையும் தமிழென்று எண்ணிக் குழப்பிவிடும்.

எங்களுக்காக நண்பர் ஒருவர் ஒரு மாற்றி எழுதித் தந்தார். வேர்ட் கோப்பைத் திறந்து, பாமினியில் உள்ள பகுதியை மட்டும் மாற்றி, ஆங்கிலத்தை அப்படியே விடும். அவர் புலம்பெயர்ந்தார். கணினி பழுதானது. புதிய கணினியில் அந்தக் கருவி இயங்கவில்லை. மூல நிரல் அவரிடம் மட்டுமே இருந்தது.

பலர் இணையத்திலுள்ள மாற்றிகளில் ஒட்டி மாற்றுகிறார்கள். ஒரு கவிதைக்கு அது பரவாயில்லை. சாட்சியின் பெயரும் முகவரியும் உள்ள வாக்குமூலத்தை, யாருடையதென்று தெரியாத தளத்தில் ஒட்டலாமா? கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி சிறியதல்ல.

இதற்கு ஒரு வழி உண்டு. 'ஓப்பன்-தமிழ்' என்ற திறந்த மூல நிரலகத்தில் பாமினி, டிஸ்கி, டாப், டாம் உட்படப் பல பழைய குறியாக்கங்களை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல்கள் ஏற்கனவே உள்ளன. இணைய இணைப்பின்றி, சொந்தக் கணினியிலேயே இயக்கலாம். நிரலில் என்ன நடக்கிறதென்று எவரும் படித்துப் பார்க்கலாம். ஆனால், அவை தனி எழுத்துத் தொடரை மாற்றுபவை. கோப்பினுள் எது பாமினி, எது ஆங்கிலம் என்று பிரித்தறியும் எங்கள் நண்பருடைய கருவி போன்றவை அதனுடன் சேர்ந்தால் பயன் பெருகும்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் தயங்கினார். "பதிவுகளும் வெளியே போய்விடாதா?" போகாது. கொடுப்பது கருவியைத்தான், பதிவுகளை அல்ல. பரிசோதனைக்கான மாதிரிகளைக் கற்பனைப் பெயர்களால் உருவாக்க வேண்டும். உண்மையான வாக்குமூலத்தில் ஒரு வரிகூட அதில் இருக்கக்கூடாது. மற்றவர் பயன்படுத்தவும் திருத்தவும் அனுமதிக்கும் உரிமத்தை எழுத்தில் தரவேண்டும். சம்பளத்துக்கு எழுதிய நிரலென்றால் அந்த நிறுவனத்தின் சம்மதமும் தேவைப்படலாம். எழுத்து அட்டவணையையும் இயக்கும் முறையையும் விளக்கும் குறிப்பு கூடவே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த பின்னரும் அது ஒருவரை நம்பியே கிடக்கும்.

1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டபோது, ஓரிடத்தில் மட்டும் இருந்த ஏடுகள் திரும்பவில்லை. இன்று தீ தேவையில்லை. ஒரு வன்தட்டு பழுதானாலே போதும்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்தில் நீதி காணாமலே இறந்த பெற்றோர் பலர். அவர்கள் சொன்னவற்றில் ஒரு பகுதி எங்கள் பழைய கோப்புகளில் இருக்கிறது. நண்பர் நிரலை அனுப்பச் சம்மதித்துவிட்டார். இப்படி ஒரு மாற்றி எழுதியவர்கள் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ ரொறன்ரோவிலோ இன்னும் இருப்பார்கள். உங்கள் பழைய மடிக்கணினியைத் திறந்து பாருங்கள்.

அந்தத் தாயின் மகனுடைய பெயரை நான் யூனிகோட்டில் மீண்டும் தட்டச்சு செய்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய என் ஆயுள் போதாது.